குண்டாறு நிரம்பியது, சரி. கரை எப்படி இருக்கிறது?

ஜூன் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால், செங்கோட்டை டீக்கடைகளில் நாளிதழைப் பிரிப்பவர்கள் தலைப்புச் செய்திக்கு முன்னால் தேடுவது, உள்பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சிறு பட்டியலை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, அடவிநயினார் 132, குண்டாறு 36. அணைகளின் முழு உயரம் இங்கே விவசாயம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடம். இன்றைய மட்டம் என்ன, நேற்றைக்கு எவ்வளவு ஏறியது, வரத்து எத்தனை கனஅடி என்பதுதான் பேச்சு.

பட்டியலில் ஆகச் சிறியது குண்டாறு. ஆனாலும் முதலில் நிரம்புவது அதுதான். சாரல் நாலு நாள் சேர்ந்தாற்போல் விழுந்தால் போதும், கண்ணுப்புளிமெட்டுக்கு மேலே 36 அடியும் நிறைந்து வழியத் தொடங்கும். மறுநாள் பத்திரிகையில் படம் வரும். ஞாயிற்றுக்கிழமை ஜீப்புகள் வரிசை கட்டும். வழிந்தோடும் தண்ணீரில் குளிக்கக் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அணை நிரம்புவது இந்த ஊருக்கு ஒரு திருவிழா. அதைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

அந்தப் பட்டியலைக் கூர்ந்து வாசிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனித்திருப்பார்கள். பெரும்பாலான நாள்களில் சேர்வலாற்றின் மட்டம் பாபநாசத்தைவிடப் பதின்மூன்று அடி, பதினான்கு அடி கூடுதலாகவே இருக்கும். இங்கே மழை அதிகம், அங்கே குறைவு என்பதல்ல காரணம். இரண்டு அணைகளையும் மலைக்குள் ஒரு சுரங்கம் இணைக்கிறது. ஆகவே ஒன்றில் ஏறினால் மற்றதிலும் ஏறும், ஒன்றில் இறங்கினால் மற்றதிலும் இறங்கும். அளவுகோல் தொடங்கும் இடம்தான் வேறு. வெறும் எண்ணாக அச்சாகும் ஒரு வரிக்குள் இத்தனை சங்கதி இருக்கிறது. சொல்லாமல் விடும் சங்கதி அதைவிட அதிகம்.

அணையின் மண் கரையில் கசிவு எவ்வளவு? போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா? ஷட்டர்கள் கடைசியாக எப்போது முழுதாக ஏற்றி இறக்கிப் பார்க்கப்பட்டன? வண்டல் எவ்வளவு அடைத்திருக்கிறது? மலையில் ஒரே இரவில் 50 சென்டிமீட்டர் கொட்டினால், அதை வாங்கிக்கொள்ள இன்று எத்தனை அடி காலியாக இருக்கிறது? இவற்றில் பெரும்பாலானவை பொறியாளர்களின் பதிவேட்டில் இருக்க வேண்டிய தகவல்கள். அணைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவருக்கு மட்டும் அவை எட்டுவதில்லை. தென்காசி, திருநெல்வேலி மாவட்ட அணைகளைப் பொறுத்தவரை இனி கேட்க வேண்டியது அடிக்கணக்கை அல்ல, இந்தக் கணக்கை.

குளத்து நாட்டில் பிறந்தவருக்கு மண் அணையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குளக்கரை எப்படிச் சாகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிய வேண்டும். அல்லது கரைக்கு உள்ளே வழி கண்டுபிடிக்க வேண்டும். முதல் ஆபத்துக்காகத்தான் கரையின் ஒரு பக்கத்தில் உயரம் குறைத்து, கல்லால் கட்டி, மறுகால் விட்டார்கள். இரண்டாவது ஆபத்துக்காகத்தான் எலி வளையையும் நண்டு வளையையும் கரையான் புற்றையும் கண்ட இடத்தில் வெட்டி அடைத்தார்கள், கரையில் பெருமரம் வளரவிடவில்லை. மரம் பட்டுப்போனால் மக்கிய வேரே தண்ணீருக்குக் குழாயாகிவிடும்.

பெரிய மண் அணையிலும் இதே இயற்பியல்தான். காமராசர் முதல்வராக இருந்தபோது, 1950-களின் கடைசியில் எழுந்த மணிமுத்தாறு அணை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி மண் கரை. ஷட்டர்கள் உள்ள பகுதிதான் கல்கட்டு. இந்தக் கரை பிடித்து நிறுத்துவது ஏறத்தாழ ஐந்தரை டி.எம்.சி. தண்ணீர். இங்கிருந்து 80 அடிக் கால்வாயில் ஓடும் நீர் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலம் வரைக்கும் போகிறது. இத்தகைய அணைகளில் நடுவே இறுக்கிய களிமண், இருபுறமும் தண்ணீரை ஓரளவு விடும் மண், நீர்ப்பக்கம் அலை அரிக்காதபடி பாவிய கல், கீழ்ப்பக்கம் கசியும் நீரைப் பத்திரமாக வெளியேற்றும் மணல் வடிகட்டி என்று அடுக்கடுக்காக வைப்பதுதான் முறை. மண் அணை கசியத்தான் செய்யும். கசிவைக் கண்டு பதற வேண்டியதில்லை, அதன் அளவையும் நிறத்தையும்தான் பார்க்க வேண்டும். அடிவாரத்து வாய்க்காலில் ஆங்கில 'வி' எழுத்துப்போல் வெட்டிய தகடு ஒன்று பொருத்தி, அதில் எத்தனை அங்குலம் ஓடுகிறது என்று நாள்தோறும் குறிப்பார்கள். தெளிந்த நீர் சீராக வந்தால் அணை நலம். கலங்கலாக வந்தால், உள்ளே மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள்.

கலங்கல் தெரிந்த பிறகு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை சாட்சி. சுமார் 93 மீட்டர் உயரமுள்ள புத்தம்புது மண் அணை. 1976 ஜூன் 5 காலையில் கலங்கல் நீர் கண்ணில் பட்டது. புல்டோசர்களைக் கொண்டு ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். நண்பகலுக்குள் அணை போய்விட்டது. பகல் நேரம் என்பதால் எச்சரிக்கை முந்திக்கொண்டது. 11 பேரோடு சாவு நின்றது.

கந்தளாய்க்கு அந்தப் பகல் வாய்க்கவில்லை. திருகோணமலை மாவட்டத்தில் மன்னர் காலத்துப் பெருங்குளம் அது. 1986 ஏப்ரல் 20, விடியற்காலை சுமார் மூன்று மணிக்குக் கரை உடைந்தது. ஊர் உறக்கத்தில் இருந்தது. 120 பேருக்கு மேல் செத்தார்கள். ஆயிரம் ஆண்டு தாண்டி நின்ற கரை இனி உடையாது என்பது எவ்வளவு பொய்யான தைரியம் என்று அன்றைக்குத் தெரிந்தது. இந்தியாவில் இந்தப் பேச்சு வந்தால் குஜராத்தின் மோர்பியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 1979 ஆகஸ்ட் 11-ல் மச்சு-2 அணையின் மண் கரைகளுக்கு மேல் வெள்ளம் ஏறி வழிந்து, இருபுறமும் கரை அடித்துக்கொண்டு போனது. எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கணக்கு கிடையாது. ஆயிரக்கணக்கில் என்பது மட்டும் நிச்சயம்.

இவை பழைய கதைகள், இப்போது தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது என்று சொல்கிறவர்கள் சிக்கிமைப் பார்க்கலாம். தீஸ்தா ஆற்றின் குறுக்கே சுங்தாங்கில், 60 மீட்டர் உயரத்தில், பாறைகளைக் குவித்து மேலே கான்கிரீட் முகம் பூசிக் கட்டிய அணை. 1,200 மெகாவாட் மின் திட்டம். 2017-ல்தான் உற்பத்தியைத் தொடங்கியது. மேலே மலையுச்சியில் தெற்கு லோனாக் என்ற பனிப்பாறை ஏரி ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே வந்தது; அது உடையக்கூடும் என்று ஆய்வாளர்கள் பலமுறை எழுதினார்கள். 2023 அக்டோபர் 3 இரவு அது உடைந்தது. வெள்ளம் அணையை எட்டியபோது ஷட்டர்களைத் திறக்க நேரம் போதவில்லை. கல்லும் மண்ணுமாய் வந்த தண்ணீர் அணைக்கு மேலே ஏறியது; ஏழு வருடம்கூட முழுதாக ஓடாத அணை அந்த இரவிலேயே இல்லாமல் போனது. அபாயம் காகிதத்தில் இருந்தது. அந்தக் காகிதம் சுங்தாங் கடைவீதிக்கும் சிங்தாம் ஆற்றங்கரை வீடுகளுக்கும் உரிய வேளையில் எச்சரிக்கையாகப் போய்ச் சேரவில்லை.

இதைச் சொல்வது மண் அணை என்றாலே ஆபத்து என்று பயமுறுத்த அல்ல. பாகீரதியில் 260 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தெஹ்ரியும், நைல் நதியில் 1970-ல் கட்டி முடித்த அஸ்வானும் மண்ணையும் பாறையையும் குவித்து எழுப்பியவைதான். நம் பவானிசாகரின் மண் கரை 8 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1955-லிருந்து நிற்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் மண் அணை தலைமுறைகளைத் தாண்டும். பார்த்துக்கொள்கிறார்களா என்று அறியும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி.

தாமிரபரணியில் இந்தக் கேள்விக்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. மேலே மின்சாரம், கீழே பாசனம். மலையிலிருந்து நீர் விழும் வேகத்தை 1880-களிலேயே ஹார்வி ஆலைக்காரர்கள் பாபநாசத்தில் பஞ்சாலை ஓட்டப் பயன்படுத்தினார்கள். 1944-ல் மின் உற்பத்தி தொடங்கிய பாபநாசம் நிலையத்தின் திறன் இப்போது 32 மெகாவாட், 1980-களில் வந்த சேர்வலாற்றின் திறன் 20 மெகாவாட். சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீரைத்தான் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை அணைக்கட்டுகள் பிரித்து, கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் கொடுக்கின்றன. மின்சாரம் எடுப்பவருக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். நீர் உயரமாக நின்றால்தான் அழுத்தம். விவசாயிக்கும் அணை நிறைந்திருக்க வேண்டும். மார்ச் வரை பயிருக்குத் தண்ணீர் வேண்டும். குடிநீர்த் திட்டங்களுக்கும் அப்படியே. அணை கொஞ்சம் காலியாக இருக்கட்டும் என்று கேட்கும் ஒரே ஆள் வெள்ளம். அதற்குக் குறைதீர் கூட்டத்தில் நாற்காலி கிடையாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அது நேரில் வந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மலைமேல் ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலையிலும் கொட்டித் தீர்த்தது. பாபநாசமும் மணிமுத்தாறும் திறந்துவிடப்பட்டன. தாமிரபரணியில் வெள்ளம் விநாடிக்கு லட்சம் கனஅடியைத் தாண்டியது. குளங்கள் உடைந்து ஊர்களுக்குள் பாய்ந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஓர் எக்ஸ்பிரஸ் ரயிலே நின்றுபோனது. இவ்வளவு மழைக்கு எந்த அணையும் என்ன செய்யும் என்று அதிகாரிகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கீழ்ப்பகுதியில் விழுந்த மழைக்கு மேலே உள்ள அணை பொறுப்பாகாது. ஆனால் எச்சரிக்கை வந்த நாளில் ஒவ்வோர் அணையிலும் எத்தனை அடி காலியாக இருந்தது, எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள், அந்தத் தண்ணீர் எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கணக்கிட்டார்கள் என்பதை மணிவாரியாக ஊர்மக்கள் முன் வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? 2015-ல் செம்பரம்பாக்கம் விஷயத்தில் இதே கேள்விக்குப் பதில் வர, தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018-ல் சட்டமன்றத்துக்கு வரும்வரை சென்னை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இத்தனைக்கும் இது உலகத்தில் இல்லாத வழக்கம் அல்ல. செங்கோட்டையிலிருந்து மலையைத் தாண்டினால் போதும். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே. 2018 வெள்ளத்தில் அடிபட்ட பிறகு கேரளம் பாடம் படித்தது. அங்கே இன்று மழைக்காலத்தில் வெளியாகும் அணைப் பட்டியலில் நீர்மட்டத்தோடு கூட, அந்தத் தேதியில் அதிகபட்சம் எந்த மட்டம் வரை வைத்திருக்கலாம் என்ற 'ரூல் கர்வ்' அளவும் இருக்கிறது. நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று எந்த மட்டத்துக்கு எந்த எச்சரிக்கை என்பதும் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே ஒருவர் இன்று ஆரஞ்சு, நாளை திறப்பார்கள் என்று கணித்துவிடலாம். முல்லைப்பெரியாறு தகராற்றின் புண்ணியத்தில் ரூல் கர்வ் என்ற சொல் தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் புதிதல்ல. அந்தச் சொல்லைக் கேரளத்தோடு வாதாட எடுத்துக்கொண்ட அளவுக்கு, மணிமுத்தாற்றுக்கும் கடனாவுக்கும் அது என்ன என்று நாம் கேட்டதில்லை.

சட்டமும் இப்போது துணைக்கு இருக்கிறது. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கட்சிகள் அதை எதிர்த்தன. முல்லைப்பெரியாறு, பரம்பிக்குளம் போன்று கேரள மண்ணில் நாம் பராமரிக்கும் அணைகள் நம் பிடியிலிருந்து நழுவிவிடுமோ என்ற கவலை அதற்கு முக்கியக் காரணம். அந்த அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைகளுக்கும், அதற்குக் குறைந்தவற்றில் சிலவற்றுக்கும் சட்டம் சொல்லும் வேலைகள் தெளிவானவை. பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆய்வு, வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு, அவசரகாலச் செயல்திட்டம், வெளி நிபுணர்களைக் கொண்டு முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு. கடைசி இரண்டுக்கும் கொடுத்த கெடு ஐந்து ஆண்டு. அதாவது 2026 டிசம்பர்.

அவசரகாலச் செயல்திட்டம் என்றால், அணை உடைந்தால் அல்லது முழு வெள்ளத்தைத் திறந்துவிட்டால் எந்தெந்த ஊர் எத்தனை நிமிடத்தில் எத்தனை அடி முங்கும் என்ற வரைபடம் அதில் இருந்தாக வேண்டும். அந்த வரைபடம் கோப்பில் இருந்து என்ன பயன்? மணிமுத்தாற்றுக்குக் கீழே உள்ள ஊராட்சி அலுவலகச் சுவரிலும், மேக்கரையிலும், கண்ணுப்புளிமெட்டுப் பள்ளிக்கூடத்திலும் அல்லவா அது தொங்க வேண்டும். தண்ணீர் வந்தால் எந்தத் தெருவழியாக எந்த மேட்டுக்கு ஓடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

மக்கள் பயந்துவிடுவார்கள் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். பயம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு பெருமழையிலும் அணை உடைந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஓர் ஒலிப்பதிவு கிளம்பத்தான் செய்கிறது. நம்பத்தக்க எண் ஒன்று கையில் இல்லாததால்தான் அது ஊர்ஊராக ஓடுகிறது. சொல்லாமல் மறைத்ததன் விலையைக் குற்றாலம் அறியும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. ஒரு மாணவர் உயிரிழந்தார். மலைமேல் மழை பெய்வதை அருவிக்குக் கீழே நின்றவர்களுக்குச் சொல்ல ஒரு சைரன்கூட ஒலிக்கவில்லை. அணை இல்லாத சிற்றோடைக்கே இந்த நிலை.

அணையின் நுட்ப விவரங்களை வெளியிட்டால் பாதுகாப்புக்கு ஆபத்து என்று இன்னொரு வாதம். எந்தத் தூணில் எத்தனை கம்பி என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது கசிவு அளவு, ஷட்டர் நிலை, காலி இடம், எச்சரிக்கை மட்டம். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் எடைக்கல்லைத் தாங்கிய சங்கிலி அறுந்து ஒரு ஷட்டரே பெயர்ந்து, கொங்கு நாட்டு வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் நாள்கணக்கில் வீணாய் ஓடியது. அதற்கு நாலு வருடம் முன்னால் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் ஒரே இரவில் விழுந்தன. அவற்றில் எந்த ரகசியத்தை எந்த எதிரி திருடினான்? துருவும் முதுமையும்தான் காரணம்.

தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மழையளவும் அணை மட்டமும் அங்கே வாசிக்கப்படுகின்றன. அதே தாளில் இன்னும் நான்கு பத்தி சேர்ப்பதற்குச் சென்னையிலிருந்து உத்தரவு வரத் தேவையில்லை. நீர்வளத் துறையும் மின் வாரியமும் மனது வைத்தால் போதும். கார் சாகுபடிக்கு அணை திறக்கும் நாளில் அமைச்சரோ ஆட்சியரோ பொத்தானை அழுத்துவதும், பாயும் தண்ணீரில் மலர் தூவுவதும் வழக்கம். அன்றைக்கே எல்லா ஷட்டர்களையும் ஊர்மக்கள் பார்க்க ஒருமுறை இயக்கிக் காட்டி, எது ஏறியது, எது சிக்கியது, கசிவு எவ்வளவு என்பதை அணை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போடட்டும். மறுநாள் பத்திரிகைக்காரர்கள் அதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள்.